ஜெபத்தின் நடுவே வரும் கெட்ட எண்ணம் யாருடையது?

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன், தம்பி. மேலே கேட்டிருப்பது இது: "எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்த வேண்டும் என்று 2 கொரிந்தியர் 10:5 சொல்கிறதே, அதை நடைமுறையில் எப்படிச் செய்வது?" ஆனால் அதற்குக் கீழே தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. வயது 23. முழங்கால் போட்டால் போதும், இயேசுவைப் பற்றி வாயால் சொல்லக் கூசுகிற ஒரு வார்த்தை மனசுக்குள் ஓடுகிறது. விரட்ட விரட்ட அதிகமாகிறது. நாம் இடம் கொடுக்காமல் பிசாசு உள்ளே வரமாட்டான் என்று வாலிபர் கூடுகையில் ஒருவர் சொல்லிவிட்டார். ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தை நான்கு மாதமாக எடுக்கவில்லை. ஆக, நீங்கள் கேட்க வந்தது இரண்டு கேள்வி: நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா? இந்த எண்ணம் என்னுடையதா, சாத்தானுடையதா?

முதல் கேள்விக்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர் எதைப் படித்தாலும் தனக்கான தீர்ப்பு எந்த வரியில் இருக்கிறது என்றுதான் தேடுவார். நீங்கள் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன். தென் மாவட்டங்களில் ஆறு சபைகளில் 31 வருடம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தேன். பிற்பாடு ஆற்றுப்படுத்தல் பயிற்சியும் எடுத்தேன். மனநல மருத்துவன் இல்லை, பிசாசு துரத்துவதைத் தொழிலாகச் செய்கிறவனும் இல்லை. அந்த அளவுக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

மாற்கு 3ஆம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், இயேசு பிசாசுகளைத் துரத்துவதை மறுக்கவில்லை. அதைச் செய்வது பிசாசுகளின் தலைவன் என்று ஜனங்களிடம் சொல்கிறார்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு, அதாவது இழிவான பேச்சுக்கு, மன்னிப்பே இல்லை என்ற எச்சரிக்கை அவர்களுக்குத்தான் வந்தது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றோ என்னவோ, 30ஆம் வசனத்தில் மாற்கு காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்: "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறானென்று அவர்கள் சொன்னபடியினாலே அவர் இப்படிச் சொன்னார்." தெரிந்து, தீர்மானித்து, அடுத்தவர் மனதையும் திருப்புவதற்காக நாலு பேர் முன்னால் சொன்ன சொல் அது. சொல்லிவிட்டு அவர்களில் ஒருவரும் தூக்கம் கெட்டு அழுததாக எழுதியில்லை. இந்த வசனத்துக்கு எல்லாரும் ஒரே விளக்கம் தருவதில்லை என்பதும் உண்மைதான். சாகிற வரைக்கும் மனந்திரும்ப மறுப்பதே அந்தப் பாவம் என்று பழைய திருச்சபை ஆசிரியர் அகஸ்தீன் சொன்னார். வேதபாரகர் நின்ற அந்த இடத்தில் நின்றால்தான் அதைச் செய்யவே முடியும் என்போரும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்தாலும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும்போதே வந்து விழுகிற ஒரு வார்த்தையைக் கண்டு வயிறு கலங்குகிற ஆள் அதில் பொருந்தமாட்டார்.

சரி, இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். 2 கொரிந்தியர் 10:5ஐ நம் மேடைகளில் பெரும்பாலும் தனியாகப் பிய்த்து எடுத்துத்தான் கேட்டிருப்பீர்கள். அது கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், அதாவது கடிதம். அந்தப் பகுதியில் அவர் யாரோடு மல்லுக்கு நிற்கிறார்? கொரிந்துச் சபைக்குள் புகுந்து, "இவன் நிருபங்கள் பலமுள்ளவைகள், ஆள் நேரில் பலவீனம்" என்று பேசித்திரிந்தவர்களோடு. அடுத்த அதிகாரத்தில் அவர்களை 'மகா பிரதான அப்போஸ்தலர்' என்று குத்தலாகச் சொல்கிறார். "தர்க்கங்களையும், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்புகிற எல்லா மேட்டிமையையும் நிர்மூலமாக்கி" என்பதில் உள்ள தர்க்கங்கள் அவர்கள் கட்டி எழுப்பிய வாதங்கள். அரண்களை இடிப்பது, சிறைபிடிப்பது எல்லாம் முற்றுகைப் போரின் பேச்சு. ஒரு விசுவாசியின் தலைக்குள் விநாடிக்கு விநாடி ஓடுவதையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கே இல்லை. நம் சொந்தச் சிந்தனைக்கு அந்த வசனம் பொருந்தவே பொருந்தாது என்று சொல்லவரவில்லை, பொருந்தும். அது இடிக்கச் சொல்வது நாம் நம்பி, அதன்மேல் வீடு கட்டிக் குடியிருக்கிற கருத்துகளை. தெருவில் கத்திக்கொண்டு போகிறவனைத் துரத்திப் பிடிக்கும் வேலையை அது நமக்குத் தரவில்லை.

இந்த நிருபத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்லூரியில் இதைக் கண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 10:5ல் 'எண்ணம்' என்று வரும் கிரேக்கச் சொல் நோயெமா. இதே சொல்லைப் பவுல் 2:11லும் எழுதுகிறார், சாத்தானைப் பற்றி: "அவனுடைய தந்திரங்கள் நமக்குத் தெரியாதவைகள் அல்லவே." தந்திரங்கள் என்று நாம் படிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது சாத்தானின் எண்ணங்கள், திட்டங்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் இதைச் சொல்கிறார் என்று பாருங்கள். தப்பு செய்து சபையால் தண்டிக்கப்பட்ட ஒருவனை மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று கெஞ்சும் இடத்தில். ஆக, அங்கே பவுல் காட்டும் சாத்தானின் திட்டம், ஒருவனுக்கு மன்னிப்பே கிடையாது என்று அவனையும் சபையையும் நம்பவைப்பது. உங்கள் நான்கு மாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது புதுசு இல்லை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தின் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவிகளில் எவாகிரியுஸ் என்று ஒருவர் இருந்தார். கான்ஸ்தாந்திநோப்பிளில் உதவிக்குருவாக இருந்து, பிறகு கெல்லியா என்ற இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்து 399ல் இறந்தவர். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகைப்படுத்தினார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், ஆணவம். பின்னால் ஏழு தலையான பாவங்கள் என்று மேற்குத் திருச்சபையில் வந்த பட்டியலுக்கு இதுதான் மூலம். பட்டியலைவிட எனக்குப் பயன்பட்டது அவர் செய்த ஒரு பிரிவினை. இந்த எண்ணங்கள் நம்மை வந்து தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்றார். பொய்மென் என்ற இன்னொரு துறவி இதையே வேடிக்கையாகக் காட்டினார். எண்ணங்கள் வந்து வந்து மொய்க்கின்றன என்று ஒருவர் வந்து முறையிட, வெளியே போய் உன் மேலாடையை விரித்துக் காற்றைப் பிடி என்றாராம். முடியாது என்றதும், எண்ணம் வருவதைத் தடுக்கவும் முடியாது, எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை என்று அனுப்பிவிட்டார். பறவைகள் தலைக்கு மேல் பறப்பதைத் தடுக்க முடியாது, தலையில் கூடு கட்டவிடாமல் தடுக்கலாம் என்று லூத்தர் பெயரில் நம் பிரசங்கங்களில் வரும் பேச்சும் இதே குடும்பத்துப் பேச்சுதான்.

எவாகிரியுஸ் உங்கள் பிரச்சினையைத் தனியாகவே தொடுகிறார். தேவனைத் தூஷிக்கும் எண்ணத்தையும், தாளில் எழுதவே துணியாத காட்சிகளையும் மனதில் கொண்டுவருகிற பிசாசைப் பற்றி எழுதிவிட்டு, கலங்காதீர்கள், கர்த்தர் இருதயங்களை அறிந்தவர் என்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து சீனாய் மலை மடத்தில் இருந்த யோவான் கிளிமாக்குஸ் இன்னும் விரிவாகவே சொல்கிறார். இந்த எண்ணம் திருவிருந்து நடக்கிற அதே நேரத்தில்தான் அதிகம் வரும் என்று அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார். ஒரு துறவியின் கதையும் சொல்கிறார். இருபது வருடம் இந்தத் தொல்லை. உபவாசம் இருந்தார், கண் விழித்தார், உடம்பு உருகியதுதான் மிச்சம். கடைசியில் அதை ஒரு தாளில் எழுதி ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் தரையில் குப்புற விழுந்து கிடந்தார். பெரியவர் படித்தார், சிரித்தார், அவரைத் தூக்கி நிறுத்தி, உன் கையை என் கழுத்தில் வை என்றார். வைத்ததும், இந்தப் பாவம் இதுவரை இருந்த வருடங்களுக்கும் இனி இருக்கப்போகும் வருடங்களுக்கும் என் கழுத்தில் இருக்கட்டும், நீ மட்டும் இனிமேல் இதைச் சட்டை செய்யாதே என்றார். அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் தொல்லை போய்விட்டதாக அந்தத் துறவியே சொன்னாராம். எல்லாருக்கும் அப்படி ஒரே நாளில் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். என் அனுபவத்தில் பலருக்கு மெல்லத்தான் அடங்கியிருக்கிறது. ஆனால் பெரியவர் செய்ததைக் கவனியுங்கள். பிசாசைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த எண்ணத்தோடு வாதாடவும் இல்லை. அதற்கு இருந்த கனத்தை எடுத்துவிட்டார்.

ஜான் பனியனின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்த பிரசங்கி. அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். சிறையில் இருந்தபடியே 1666ல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அதில் வருகிறது: கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு எண்ணம் ஏறக்குறைய ஒரு வருடம் விடாமல் அவரைத் துரத்தியது. சாப்பிட உட்கார்ந்தாலும், குண்டூசி எடுக்கக் குனிந்தாலும், விறகு வெட்டினாலும் இதற்காக விற்றுவிடு, அதற்காக விற்றுவிடு என்று. மாட்டேன், ஆயிரம் உலகங்கள் கொடுத்தாலும் மாட்டேன் என்று திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். கையாலும் முழங்கையாலும் எதையோ தள்ளுவதுபோல் உடம்பே அசைந்தது என்கிறார். ஒரு நாள் காலையில் படுக்கையில் களைத்துப்போய், கிறிஸ்துவுக்கு இஷ்டமானால் போகட்டும் என்று மனதுக்குள் தோன்றிவிட்டது. அவ்வளவுதான், பிறப்புரிமையை விற்றுப்போட்ட ஏசா நான், எனக்கு இனி மன்னிப்பில்லை என்று நெடுங்காலம் இருட்டில் கிடந்தார். அதே மனிதர்தான் பிற்பாடு மோட்ச பிரயாணம் என்ற தன் கதையில், மரண இருளின் பள்ளத்தாக்கில் கதாநாயகன் கிறிஸ்தியானுக்குப் பின்னால் பொல்லாத ஆவி ஒன்று ஓசைப்படாமல் வந்து தூஷண வார்த்தைகளைக் காதில் கிசுகிசுத்தது என்றும், அவை தன் மனதிலிருந்தே வந்ததாக அவன் நம்பிவிட்டான் என்றும் எழுதினார். பாளையங்கோட்டைப் பக்கம் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையை எடுத்துத்தான் இரட்சணிய யாத்திரிகம் என்று தமிழில் காப்பியமாகப் பாடினார், 1894ல் வெளிவந்தது. நம் தாத்தா பாட்டி காலத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வேதத்துக்கு அடுத்தபடி இருந்த கதையிலேயே உங்கள் பிரச்சினை இருக்கிறது. ஆனால் வாலிபர் கூடுகையில் யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் ஆரம்பத்திலேயே அறிந்தவனாக நான் பேசக் கூடாது. ஊழியத்துக்கு வந்த மூன்றாம் வருடம், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தார். ஏறக்குறைய உங்களுக்கு இருக்கிற அதே தொல்லை. நான் என்ன செய்தேன்? மூன்று நாள் உபவாசம் சொன்னேன். எண்ணம் வரும்போதெல்லாம் "இயேசுவின் நாமத்தில் உன்னைக் கட்டுகிறேன்" என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். வீட்டில் தெரியாமல் செய்த பாவம் ஏதாவது உண்டா என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவள் அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து தவறினாலும் முதலிலிருந்து. பேருந்தில்கூட உதடு அசைந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒரு மருத்துவரிடம் போய்த்தான் அவள் தேறினாள். அந்த மருத்துவர் நம் மதத்தவர்கூட இல்லை. என்னைக் கூப்பிட்டனுப்பி, கோபப்படாமல், "ஐயா, நீங்கள் கொடுத்த ஜெபத்தை நோய் பிடுங்கிக்கொண்டது" என்றார். அந்த வாக்கியம் இன்றும் எனக்கு உறைக்கிறது.

அவர்தான் எனக்கு விளங்கவைத்தார். 1978ல் லண்டனில் ராக்மன், டி சில்வா என்ற இருவர் எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் விசாரித்தபோது, பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் வேண்டாத, அருவருப்பான எண்ணங்கள் திடீரென வருவதாகச் சொன்னார்கள். குழந்தையை மாடியிலிருந்து போட்டுவிடு என்பதுபோல. எனக்கே உண்டு. திருவிருந்துப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கும்போது, கீழே போடு என்று ஒரு எண்ணம் பல வருடம் வந்தது. ஒரு தடவைகூடப் போட்டதில்லை, போட ஆசைப்பட்டதும் இல்லை. எது நமக்கு மிகவும் பரிசுத்தமோ அதைச் சுற்றித்தான் இது வரும். பெரும்பாலோர் 'சீ' என்று தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள், எண்ணமும் போய்விடுகிறது. அதை ஒரு செய்தியாக, ஒரு குற்றமாக எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1987ல் அமெரிக்காவில் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்களும் நான்கு மாதமாக இதே மணியைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் இது வெறும் மூளை விஷயமா, பிசாசே கிடையாதா என்று கேட்பீர்கள். நான் அப்படி நம்பவில்லை. பொல்லாங்கன் உண்டு, அவன் எய்யும் அக்கினியாஸ்திரங்கள் உண்டு என்று எபேசியர் 6 சொல்வதை அப்படியே விசுவாசிக்கிறேன். சோதிக்கப்படுவது பாவம் இல்லை என்பதும் எனக்கு உறுதி. "என்னைப் பணிந்துகொள்" என்ற வார்த்தை வனாந்தரத்தில் இயேசுவுக்கே சொல்லப்பட்டது. எபிரெயர் 4:15 அவரை எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வந்த அந்தக் குறிப்பிட்ட எண்ணம் பிசாசு எய்ததா, களைத்த மூளையின் விக்கலா என்று பிரித்துச் சொல்லும் கருவியை வேதம் யார் கையிலும் கொடுக்கவில்லை. கொடுத்திருப்பதாகச் சொல்லும் ஊழியர்களைக் கண்டால் எனக்குப் பயம். சந்ததிச் சாபம் என்றும், ஒவ்வொரு பட்டணத்தையும் ஆளும் ஆவியின் பெயரைக் கண்டுபிடித்துக் கட்ட வேண்டும் என்றும் சொல்வதற்கு வேதத்தில் கிடைக்கும் ஆதாரம் ரொம்ப மெல்லிசு. தானியேல் 10ல் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி வருகிறான், சரி. ஆனால் தானியேல் அவனோடு பேசவும் இல்லை, அவனைக் கட்டவும் இல்லை. மூன்று வாரம் துக்கித்து ஜெபித்துக்கொண்டிருந்தார், நடந்த சண்டை பின்னால்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி என்னவென்றால், எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதை வைத்துக்கொண்டு எந்த எண்ணமும் பாவமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாற்கு 7ல் பொல்லாத சிந்தனைகள் இருதயத்திலிருந்து புறப்படுகின்றன என்று இயேசு சொன்னதும் உண்மைதான். காவல் தேவைப்படுகிற எண்ணங்கள் உண்டு. அவை நம்மைப் பயமுறுத்தாது, நாமே நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுப்போம். அண்ணன் சொத்தில் ஏமாற்றியதை ராத்திரி படுத்துக்கொண்டு பத்தாவது தடவையாக ஓட்டிப் பார்ப்பது, கூடப் படித்தவன் வாங்கிய காரைப் போனில் பார்த்துவிட்டு மனதுக்குள் அவனைக் கீழே இறக்குவது, மற்றவர் உடம்பைக் கற்பனையில் தின்பது, சபையில் எனக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கணக்கு வைப்பது. பவுல் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று சொல்வது எபேசியர் 4:27ல். அதற்கு முந்தின வரி, சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்பது. கூடுகையில் உங்களிடம் சொன்னாரே 'இடம் கொடுப்பது', அது வேதத்தில் வருகிற இடம் இதுதான், ஆறாத கோபம். 31 வருடத்தில் தூஷண எண்ணத்தால் கெட்டுப்போன ஒரு சபையையும் நான் பார்க்கவில்லை. விருப்பத்தோடு வளர்த்த மனக்கசப்பால் இரண்டாக உடைந்த சபைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றில் நானே ஒரு கட்சி.

சரி, என்ன செய்வது? ஜெபிக்கும்போது அந்த வார்த்தை வந்தால், வந்துவிட்டது என்று மட்டும் கண்டுகொள்ளுங்கள். பதில் சொல்லாதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள், "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று அதன்மேல் வீசாதீர்கள். விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்பதில் வந்து விழுந்தால் அடுத்த சொல் "இன்று". பரமண்டல ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இது தேவனை அவமதிப்பது மாதிரி தோன்றும், தோன்றட்டும். ஜெபத்துக்கும் நோயின் சடங்குக்கும் நான் வைத்திருக்கும் உரைகல் இது: ஒரு தடவை சொல்லிவிட்டு ஆமென் என்று எழுந்துபோக முடிந்தால் ஜெபம். சரியாகச் சொன்னேனா என்று மறுபடி சொல்லத் தோன்றினால் அது சடங்கு, அதற்குக் கீழ்ப்படியாதீர்கள். கைபேசியில் 'மன்னிக்கப்படாத பாவம்' என்று தேடுவதை நிறுத்துங்கள். இந்தப் பதிலையும் ஒரு தடவைக்கு மேல் படிக்க வேண்டாம். அப்புறம், யாராவது ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் ஆயரோ, அவர் மனைவி ஐயரம்மாவோ, கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடிய, ஆனால் கேலி செய்யாத ஒரு பெரியவர். எபேசியர் 6ல் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது முழுப் போர்க்கவசத்தை, தரித்துக்கொள்ளச் சொல்வது பன்மையில்தான், ஒரு ஆள் தனியாக நின்று செய்யும் போராட்டமாகப் பவுல் அதை எழுதவில்லை. அங்கே திரும்பத் திரும்ப வரும் வினை துரத்துவது இல்லை, நிற்பது. அந்தத் தலைச்சீராவும் மார்க்கவசமும் ஏசாயா 59ல் கர்த்தர் தாமே அணிந்தவை.

சகரியா 3ஐயும் வாசியுங்கள். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், சாத்தான் வலதுபக்கத்தில் நின்று குற்றஞ்சாட்டுகிறான். அந்த அதிகாரம் முழுக்க யோசுவா ஒரு வார்த்தை பேசுவதில்லை. "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று சொல்வது கர்த்தர். வஸ்திரத்தை மாற்றச் சொல்வதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பிலிப்பியர் 4:7ம் அப்படித்தான். தேவசமாதானம் உங்கள் சிந்தைகளைக் காத்துக்கொள்ளும் என்பதில் உள்ள 'காத்துக்கொள்ளும்', படைக்காவல் போடுவதற்கான சொல். தமஸ்குவில் பவுலைப் பிடிக்கப் பட்டணத்தைக் காவல்வைத்துக் காத்தார்களே, 2 கொரிந்தியர் 11:32, அதே சொல். ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்களைக் குடியமர்த்திய ஊர் பிலிப்பி, அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். வாசலில் நிற்கும் அந்தக் காவல்காரர் நீங்கள் இல்லை.

இந்த எண்ணங்களும் அவற்றுக்காகச் செய்யும் ஜெபங்களும் சேர்ந்து நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்றால், அல்லது படிப்பும் வேலையும் கெடுகிறது என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். இருக்கிறதா என்று எழுத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இருந்தால் அதற்கு மாத்திரையும் உண்டு, எண்ணத்தை வரவிட்டுச் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. தீர்க்கதரிசி எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். காதில் வெளியிலிருந்து குரல் கேட்கிறது என்றாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கடைசியாக, வருகிற ஞாயிறு திருவிருந்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், போஜனபானம்பண்ணுகிறவன் என்ற வசனம்தான் உங்களைத் தடுக்கிறது. கொரிந்தில் நடந்தது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தது. 1 கொரிந்தியர் 11:21லேயே இருக்கிறது. 28ஆம் வசனம், தன்னைத்தானே சோதித்தறிந்து, பிறகு விலகிப் போகக்கடவன் என்று முடியவில்லை. சோதித்தறிந்து, "இந்த அப்பத்தில் புசித்து" என்று போகிறது. போங்கள். ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லாரோடும் ஒரு தடவை சொல்லுங்கள், உங்களுக்கென்று தனியாக இன்னொன்று வேண்டாம். பலிபீடத்தின் முன் முழங்கால் போடும்போது அந்த வார்த்தை கட்டாயம் வரும், அது வருகிற நேரமே அதுதான். வந்தால் வந்தபடியே கையை நீட்டுங்கள். பாத்திரத்தைக் கொடுக்கிற ஆயருக்குள்ளும் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.